கண்ணு துடைக்கிற துணி

மெருகக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லு என்று யாராவது கேட்டால் இரண்டாவது வார்த்தையிலேயே நான் திணறிவிடுவேன். கை தேர்ந்த வேலைக்காரி, அது ஒன்று. மற்றபடி அந்த வாய்க்குப் பயந்தே பட்டறையில் பாதிப் பேர் தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி வெளியே போய் நிற்பார்கள். நான் போக முடியாது. என் இடம் அவளுக்கும் அவள் புருஷனுக்கும் நடுவில். நகைக் கடைக்குப் பின்னால் இருக்கிற நீளமான அறை. ஒரு ஜன்னல், நாலு விளக்கு. நான் நகைத் துண்டுகளைப் பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கிறவன். பேச்சிலும் பொடி வைக்கிறவன் என்று அவள் சொல்வாள். அவள் பேச்சில் பொடியெல்லாம் கிடையாது, நேராக நெருப்புதான்.

அவள் புருஷன் கல் பதிக்கிறவர். அவரை எல்லோரும் பதிப்பண்ணன் என்போம். வாயில்லாத மனிதர். இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவதால் அவருக்கு வாய் தேவைப்படவில்லை. அவர் பதித்த மோதிரம் என் கையைத் தாண்டி அவள் மெருகுச் சக்கரத்துக்குப் போகும். அவள் மெருகு போட்டால் அதில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம், இதை நான் வேண்டுமென்றே குறைத்துத்தான் சொல்கிறேன்.

காலையில் வந்ததும் ஒரு கூத்து நடக்கும். கல் பதிக்கிறவர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் சின்ன லென்ஸ் ஒன்று உண்டு. எங்கள் பட்டறையில் அதற்குப் பேர் கண்ணு. பதிப்பண்ணன் உட்கார்ந்து விளக்கைப் போட்டுவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டி, "கண்ணு குடு" என்பார். அவள் மடியில் கிடக்கும் மெருகுத் துணியை எடுத்து, லென்ஸில் வாய் வைத்து ஊதி, இரண்டு பக்கமும் அழுத்தித் துடைத்துக் கொடுப்பாள். "கண்ணுன்னு கூப்பிட்டது என்னையா, அதையா?" என்று கேட்பாள். அவர் பதில் சொல்ல மாட்டார். கல்யாணமான நாளிலிருந்து இதே கேள்வி, இதே பதில் இல்லாமை. நாங்கள் சிரிப்போம். அவள் முகத்தில் கடுகடுப்பு இல்லாத ஒரே நேரம் அதுதான், அதுவும் கண் இமைக்கிற நேரம்தான்.

இந்த மனிதருக்குத்தான் கொஞ்ச காலமாக உளி வழுக்க ஆரம்பித்தது. கல்லைச் சுற்றிப் பிடித்து நிற்கும் பொன் கொக்கிகளை நாங்கள் நகம் என்போம். நகத்தை மடக்கும்போது உளி தப்பினால் பக்கத்தில் ஒரு கோடு விழும். முடி மாதிரி மெல்லிய கோடு. எப்போதாவது விழுந்தது, அப்புறம் அடிக்கடி விழுந்தது. மெருகக்கா மோதிரத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்புவாள், கோட்டைப் பார்ப்பாள், அவரை ஒரு தரம் பார்ப்பாள், சக்கரத்தில் வைத்துத் தேய்ப்பாள். கோடு போய்விடும். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உலகத்தில் எல்லோரையும் கரித்துக் கொட்டுகிறவள் இதில் மட்டும் வாயைத் தைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் நான் கோட்டைப் பார்த்துவிட்டதை அவள் பார்த்துவிட்டாள்.

"என்ன பார்க்கற? அவருக்குக் கை விட்டுப் போச்சுன்னு வெளிய தெரிஞ்சா எந்தப் பட்டறையிலயும் உக்கார வைக்க மாட்டான். அவருக்கு வேற என்ன தெரியும், சொல்லு. வாய் பேசியா பொழைக்கப் போறாரு? உன் வேலையப் பாரு."

நான் என் வேலையைப் பார்த்தேன். அவள் சொன்னது உண்மைதான். கை தப்புகிற கல் பதிப்பவரை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்த நிலைமையில்தான் பூதக்கண்ணாடி வந்து சேர்ந்தாள். முதலாளிக்கு இனிமேல் நகையைத் திரையில் காட்டி விற்க வேண்டுமாம். படம் எடுக்க ஒரு பெண்ணை வைத்தார். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். யாரையும் அண்ணன் என்றோ அக்கா என்றோ முறை சொல்லிக் கூப்பிட மாட்டாள். "நீங்க, அந்த ரிங்கக் குடுங்க" என்பாள், ஆணியில் மாட்டிய சட்டையிடம் பேசுவது போல. வந்த அன்றைக்கே, "இந்தப் பட்டறையில யாருக்கும் பார்க்கவே தெரியல" என்றாள். எனக்கும் அவளைப் பிடிக்கவில்லை. பூதக்கண்ணாடி என்று பேர் வைத்தது மெருகக்கா. சில நாளில் கண்ணாடி உதிர்ந்து பூதம் மட்டும் நின்றது.

முதல் சண்டை துணியால் வந்தது. கேமராவை மேசையில் வைத்துவிட்டு அவள் ஏதோ எடுக்கப் போனாள். லென்ஸில் தூசி இருப்பதைப் பார்த்த மெருகக்கா, எரிச்சலோடுதான் என்றாலும் பழக்க தோஷத்தில், மடித் துணியை எடுத்துக் குனிந்தாள். பூதம் ஓடிவந்து கையைத் தட்டிவிட்டாள்.

"அந்தத் துணியில லென்ஸத் தொடாதீங்க. அதுல மண்ணு இருக்கு, பொன்னு தூள் இருக்கு. கண்ணாடி முழுக்கக் கீறிடும்."

"ஏம்மா, இந்தத் துணியில நான் துடைச்ச பொருளு ஊரு பூரா கழுத்துலயும் காதுலயும் மின்னுது. உன் கண்ணாடிக்கு ஆகாதா?"

"பொன்னத் தேய்க்கிற துணி வேற, கண்ணாடி துடைக்கிற துணி வேற. இதுகூடத் தெரியாதா?"

கையைத் தட்டியதைக்கூட அக்கா மன்னித்திருப்பாள், தெரியாதா என்று கேட்டதை மன்னிக்கவில்லை. அன்றிலிருந்து இரண்டு பேரும் பாம்பும் கீரியும். ஒருத்தி விளக்கைப் போட்டால் இன்னொருத்தி அணைப்பாள்.

முதலாளியிடம் ஏற்கெனவே ஒரு பழைய கேமரா இருந்தது. அதில் ஒரு ஜூம் லென்ஸ். வளையத்தில் மேக்ரோ என்று எழுதியிருக்கும். அதில் எடுத்தால் மோதிரம் மோதிரமாகத் தெரியும், அவ்வளவுதான். கல்லில் பட்டை தெரியாது, நகம் நாலா ஆறா என்று எண்ண முடியாது. அக்காவுக்கு அந்தப் படங்கள் ரொம்பப் பிடித்திருந்தன.

பூதம் அந்தக் கேமராவைக் கையில் வாங்கிய நாளே உதட்டைப் பிதுக்கினாள். "எழுதி ஒட்டிட்டா மேக்ரோ ஆயிடுமா? பொருள் என்ன அளவோ அதே அளவுக்கு உள்ள விழணும். அதுதான் மேக்ரோ. இதுல கால்வாசிகூட விழாது."

முதலாளியின் மருமகன், எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளைதான், உடனே கடைக்குப் போய் ஒரு லென்ஸ் வாங்கிவந்தார். நிஜ மேக்ரோதான், ஆனால் குட்டை. அறுபதோ என்னவோ எண். கைக்கு அடக்கம், எடை இல்லை என்று பெருமையாகச் சொன்னார். அதில் பெரிதாகத் தெரிய வேண்டுமானால் லென்ஸின் மூக்கைக் கொண்டுபோய் மோதிரத்தின் மேலேயே வைக்க வேண்டும். வைத்தால் வெளிச்சம் மறையும். அதோடு, மெருகக்கா போட்ட மெருகு கண்ணாடி மாதிரி அல்லவா, கேமராவின் கறுப்பு முகம் அப்படியே பொன்னில் விழுந்தது. படத்தில் எந்த மோதிரத்தைப் பார்த்தாலும் கல்லைச் சுற்றி ஒரே கறுப்பு.

முதலாளி படத்தைப் பார்த்துவிட்டு நேராக வந்து கேட்டார். "என்ன இது, மெருகு மங்கிப் போச்சா?"

அக்காவுக்கு ரத்தம் தலைக்கேறியது. பதில் சொன்னது பூதம்தான், அதுவும் அவளுக்காக அல்ல. "மெருகு நல்லாத்தான் இருக்கு. அதான் பிரச்சினை. லென்ஸ் தப்பு. நூறு வேணும். நீளமான மேக்ரோ. அதே பெருசு கிடைக்கும், ஆனா தள்ளி நின்னு எடுக்கலாம். நடுவுல வெளிச்சம் விடலாம், வெள்ளைத் தாள் வெக்கலாம். கறுப்பு போயிடும்."

"போனா?" என்றாள் மெருகக்கா.

"போனா ஒவ்வொரு நகமும் தனித்தனியாத் தெரியும்."

அக்காவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அது வரைக்கும் தன் மெருகுக்கு வந்த அவமானமாக நினைத்திருந்த கறுப்பு, அந்த நொடியில் அவள் புருஷனுக்குக் கிடைத்த போர்வையாகிவிட்டது.

அடுத்த வாரம் அதே கறுப்புக்காக அவள் வக்கீலாக வாதாடினாள். மாப்பிள்ளைக்கு, லென்ஸை மாட்டுகிற கேமரா உடலைப் புதிதாக வாங்க ஆசை. அதில் புள்ளிகள் அதிகம், படம் எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது என்றார். பூதத்துக்கு நூறு லென்ஸ் வேண்டும். முதலாளி, ரெண்டுல ஒண்ணுதான் என்று சொல்லிவிட்டார். பட்டறையில் நின்று பேச்சு நடந்தது.

"இருக்கற கேமராவே போதும்" என்றாள் பூதம். "லென்ஸ்ல வராதது கேமராவுல வராது. தப்பான லென்ஸப் போட்டுட்டு எத்தனை புள்ளி வெச்சு என்ன? கறுப்பே இன்னும் துல்லியமா வரும்."

மாப்பிள்ளை திருதிருவென்று முழித்தார். இவருக்கு முட்டுக்கொடுக்க வந்தாள் அக்கா, வாழ்க்கையில் ஒரு கேமராவையும் சரியாகப் பிடித்தறியாதவள்.

"ஏங்க முதலாளி, நீங்களே சொல்லுங்க. ஒரு பொருளு நல்லாத் தெரியணும்னா கிட்டப் போவமா, தள்ளிப் போவமா? இது தள்ளி நின்னு பார்க்கணுங்குது. அப்படிப் பார்க்கறவ எதுக்கு இங்க வந்தா, அவ வீட்டுலயே நின்னு பார்க்கட்டுமே. மாப்பிள்ளை படிச்சவரு. அவரு தப்பாவா வாங்கிட்டு வந்திருப்பாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாப்பிள்ளைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முதலாளி பழைய வேலைக்காரி பேச்சுக்குத் தலையாட்டினார். புதுக் கேமரா உடல் வந்தது, குட்டை லென்ஸ் தங்கியது, கறுப்பு இன்னும் துல்லியமாக விழுந்தது. பதிப்பண்ணன் இதையெல்லாம் காதில் வாங்காமல் மங்கிய விளக்கடியில் குனிந்து நகம் மடக்கிக்கொண்டிருந்தார்.

தோற்றவள் சும்மா இருப்பாள் என்று நினைத்ததுதான் அக்கா செய்த தப்புக் கணக்கு. பூதம் தெரிந்தவர் யாரிடமோ நூறு லென்ஸை ஒரு நாளைக்கு இரவல் வாங்கி வந்துவிட்டாள். நீளமாக, கனமாக இருந்தது. கேமராவை ஒரு முழம் தள்ளி நிறுத்தினாள். மோதிரத்தைச் சுற்றி வெள்ளைத் தாளை வளைத்துக் கட்டினாள். அவ்வளவு பெரிதாக எடுக்கும்போது ஒரு நகம் தெளிவாக இருந்தால் அடுத்த நகம் மங்குமாம். அதனால் மயிரிழை மயிரிழையாகக் கேமராவை நகர்த்தி நிறையப் படங்கள் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து ஒரே படமாக்கினாள். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் எழுந்து போனபோது மெருகக்காவை மட்டும் கூப்பிட்டாள். நான் கைகழுவிக்கொண்டிருந்தேன், குழாயை நிறுத்திவிட்டேன்.

திரை முழுக்க ஒரே ஒரு நகம். யானைக் கால் அளவுக்கு.

"இந்தக் கோடு உளி வழுக்கினது" என்றாள் பூதம். "இதுக்கு மேல போற கோடெல்லாம் உங்க சக்கரம். அத மறைக்கத் தேய்ச்சிருக்கீங்க. தேய்ச்சுத் தேய்ச்சு நகத்துல பாதிதான் மிச்சம். இது எத்தனை நாளைக்குக் கல்லப் பிடிக்கும்?"

"உனக்கென்னம்மா வந்துது? படம் எடுக்க வந்தா எடுத்துட்டுப் போ."

"கல்லு விழும். விழுந்தா படம் எடுத்தவ ஏன் சொல்லலன்னு என்னைக் கேப்பாங்க. நான் காட்டத்தான் போறேன்."

"காட்டு" என்றாள் அக்கா. "ஒரு மனுஷன் சோத்துல கை வெச்சுட்டு நீ நல்லா இரு." குரல் உடைந்துவிட்டது. அவளுக்கே அது பிடிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பூதம் காட்டுவதற்கு முன்பே கல் விழுந்துவிட்டது. படத்தில் இருந்த அதே மோதிரத்தை, வாங்கிப்போன வாடிக்கையாளர் திரும்பக் கொண்டுவந்து முதலாளி மேசையில் வைத்தார். கல் இருந்த இடத்தில் ஓட்டை. முதலாளி அதைக் கையில் பிடித்துக்கொண்டு பட்டறைக்குள் வந்தார். இரைந்து பேசாத மனிதர் அவர், அன்றைக்கும் இரையவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அண்ணே, இது உங்க பதிப்பு. கை விட்டுப் போச்சுன்னா சொல்லிடுங்க. நான் வேற ஆளப் பார்த்துக்கறேன்."

பதிப்பண்ணன் மோதிரத்தை வாங்கிக் கண்ணில் லென்ஸை இடுக்கிப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "நல்லாத்தான் மடக்கினேன்" என்றார். முகத்தில் ஈயாடவில்லை.

மெருகக்கா எழுந்தாள்.

"அவரு பதிப்புல குறையில்லைங்க. அந்தப் பொண்ணக் கூப்பிட்டு அந்தப் படத்தப் போடச் சொல்லுங்க."

யாரை ஒழிக்க வேண்டும் என்று நின்றாளோ அவளையே சாட்சிக்குக் கூப்பிட்டாள். பூதம் வந்து படத்தைத் திறந்தாள். எல்லோரும் சூழ்ந்து நின்றோம். உளிக்கோடு பளிச்சென்று தெரிந்தது, பார்க்கத் தெரிந்தவனுக்கு. முதலாளி குனிவதற்குள் பூதம் படத்தை இன்னும் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். உளிக்கோடு திரைக்கு வெளியே போய்விட்டது. தேய்ந்து மெலிந்த நகம் மட்டும் நின்றது, குறுக்கும் நெடுக்குமாகச் சக்கரக் கோடுகளோடு.

"நகம் மெலிஞ்சதாலதான் விழுந்திருக்கு" என்றாள் பூதம் யாரையும் பார்க்காமல். "மெலிஞ்சது தேய்ப்பால." அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. இரக்கத்தில் செய்தாளா, பழி தீர்த்துக்கொண்டாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவளிடம் கேட்கிற அளவுக்கு எங்களுக்குள் ஒட்டுதல் இல்லை.

முதலாளி மெருகக்காவைப் பார்த்தார். "இவ்வளவு வருஷமா தேய்க்கற. எதுக்கு இந்தத் தேய்ப்பு தேய்ச்ச?"

காரணம் சொன்னால் புருஷனுக்கு வேலை போகும். அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எனக்குத் தேய்க்கத் தெரியலைங்க" என்றாள்.

அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை. இத்தனை வருஷம் என்னைக் கண்ணில் விரலை விட்டு ஆட்டியவள். அன்றைக்கு எனக்கே பொறுக்கவில்லை. பதிப்பண்ணன் அவளை வெறித்துப் பார்த்தார். அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

சக்கரம் வேறு ஆளுக்குப் போனது. அவளைப் பட்டறையின் கோடியில், டப்பாவில் பஞ்சு வைத்து நகையை அடுக்குகிற மேசைக்கு மாற்றினார்கள். முதலாளி நூறு லென்ஸ் வாங்கித் தந்தார். மாப்பிள்ளை குட்டை லென்ஸை வைத்துப் பூச்சிகளைப் படம் எடுப்பதாகக் கேள்வி; பூச்சிகள் பறந்துவிடுகின்றன என்று குறைப்பட்டுக்கொண்டார். அக்கா மடித் துணியை மட்டும் விடவில்லை. இடம் மாறினாலும் காலையில் எழுந்துவந்து கண்ணைத் துடைத்துக் கொடுத்துவிட்டுத்தான் தன் மேசைக்குப் போனாள். "கண்ணுன்னு கூப்பிட்டது என்னையா" என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். உளி வழுக்குவது நிற்கவில்லை. இப்போது அதை மறைக்க யாரும் இல்லை.

அதைப் பார்த்தவளும் பூதம்தான். ஒரு நாள் காலை மோதிரத்தோடு வந்து பதிப்பண்ணன் எதிரில் உட்கார்ந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் மேசையில் கிடந்த கண்ணை எடுத்து, லென்ஸ்காரிகளுக்கே உள்ள பழக்கம், ஜன்னல் பக்கம் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதுல உங்களுக்கு என்ன தெரியுது?"

"மங்கலாத்தான் தெரியும்" என்றார் அவர். "வயசாச்சு இல்ல."

அவள் தன் பையிலிருந்து அதே மாதிரி சின்ன லென்ஸ் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அவர் கண்ணில் இடுக்கிக்கொண்டு மோதிரத்தைப் பார்த்தார். உளியை எடுத்தார். ஒரு நகத்தை மடக்கினார். அடுத்ததை மடக்கினார். கை துளிகூட நடுங்கவில்லை. அவர் கை எப்போதுமே நடுங்கியதில்லை.

"கண்ணாடி பூராக் கீறல்" என்றாள் பூதம், பழைய லென்ஸை மேசையில் வைத்து. "எதுல துடைப்பீங்க இத?"

"நான் எங்க துடைக்கறேன்" என்றார் அவர் வெகுளியாக, மோதிரத்திலிருந்து தலை தூக்காமல். "தினமும் காலையில அவதான் துடைச்சுக் குடுப்பா."

பூதம் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மெருகக்கா டப்பா மூடியைப் பிடித்தபடி நின்றாள், மடியில் அந்தத் துணியோடு. பதிப்பண்ணன் மடக்கிக்கொண்டிருந்த கை மெல்ல நின்றது. அவர் பழைய லென்ஸைப் பார்த்தார், தூரத்தில் இருந்த சக்கரத்தைப் பார்த்தார், கடைசியாக அந்தத் துணியைப் பார்த்தார். அன்றைக்கு, எனக்குத் தேய்க்கத் தெரியலை என்று அவள் ஏன் சொன்னாள் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். அவர் மறுபடி வேலையில் குனிந்தார்.

மறுநாள் காலை நான் விளக்கைப் போட்டுக்கொண்டிருந்தேன். மெருகக்கா கோடியிலிருந்து எழுந்து வந்து, பழக்கம் எங்கே போகும், அவர் மேசையில் இருந்த புது லென்ஸை எடுக்கக் கை நீட்டினாள். அவர் அதற்கு முன்னால் எடுத்துவிட்டார். கோபமாக அல்ல, கோபப்பட்டிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். குழந்தை கையிலிருந்து கத்தியை வாங்குவது போல மெதுவாக எடுத்து, சட்டைப் பையில் போட்டு, பித்தானை மாட்டிக்கொண்டார்.

"வேண்டாம்மா" என்றார். "நானே துடைச்சுக்கறேன்."

அவள் தன் மேசைக்குப் போய் டப்பாக்களில் பஞ்சு வைக்க ஆரம்பித்தாள்.